முதல் டோக்கன் செல்லியம்மாவுக்கு

“ஏறிச்சா?”

“ஏறிக்கினு இருக்குதும்மா.”

“இதையேதான் காபி குடிக்கும்போதும் சொன்ன.”

நளினி திரையை அம்மா பக்கம் திருப்பினாள். லாப்டாப் திரையில் ஒரு சின்ன வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. அந்த வட்டத்தின் மேல் ஒரு கண்ணும் கையிலிருந்த பீர்க்கங்காயின் மேல் ஒரு கண்ணுமாகத் தாட்சாயணி தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

திருப்பதி பைராகிப்பட்டேடாவில் மகள் எடுத்திருக்கும் இந்த மாடி வீட்டுக்குத் தாட்சாயணி விருந்தாளியாக வரவில்லை. ஊரார் முன்னாலேயே புருஷன் முனிகிருஷ்ணனிடம், “உன் பொண்ணோட சைட்டு நடந்தா திரும்பி வரேன். இல்லன்னா நீயும் உன் தம்பியும் பொங்கித் துன்னுங்க” என்று சொல்லிவிட்டு, போனைக்கூட எடுத்துக்கொள்ளாமல் பிச்சாட்டூரில் பஸ் ஏறியவள்.

அவ்வளவு கோபம் எதற்கு? எல்லாம் மாங்காய்க்குத்தான்.

சீசன் வந்தால் சித்தூர் ரோட்டிலிருக்கும் ஜூஸ் ஃபேக்டரி வாசலில் வண்டிகள் வால்போல நீண்டு நிற்கும். யார் வண்டி முதலில் உள்ளே போவது என்பதை ஃபேக்டரி முடிவு செய்வதில்லை. வாசலில் நிற்கும் ஏஜெண்டுகள் முடிவு செய்வார்கள். அந்த ஏஜெண்டுகளில் பெரிய ஏஜெண்ட் வேணு. முனிகிருஷ்ணனின் கூடப் பிறந்த தம்பி.

போன வருஷம் தாட்சாயணியின் மகன் சீனு, ஒரு லோட் தோதாபுரி மாங்காயை வாசலிலேயே அழுக விட்டு, ரோட்டோரம் கொட்டிவிட்டு வெறும் வண்டியோடு வீடு வந்தான். வந்தவன் சோறு வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். சித்தப்பன் வேணு அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முனிகிருஷ்ணனும் தம்பியைத் தட்டிக்கேட்கவில்லை.

அன்றைக்கு முடிவெடுத்தாள் நளினி. பெங்களூர் வேலையை விட்டாள். ‘நம்ம லைன்’ என்று ஒரு சைட் எழுதினாள். ரைத்துகள் என்று ஊரில் சொல்லும் விவசாயிகள் தோப்பில் இருந்தபடியே போனில் டோக்கன் எடுக்கலாம். எந்த நாள், எந்த நேரம் வண்டி வரவேண்டும் என்று மெசேஜ் வரும். மெசேஜ் வந்த பிறகு காயைப் பறித்தால் போதும். வாசலில் நிற்கவும் வேண்டாம், வேணுவைக் கும்பிடவும் வேண்டாம்.

ஃபேக்டரியின் கேட் இன்சார்ஜ் ஹரிபாபு ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் ஒரே ஒரு வாய்ப்பு. இன்று சாயங்காலம் ஷிப்ட் மாறும்போது அவர் கையில் இருக்கிற போனில் சைட் திறக்க வேண்டும். திறந்தால் நாளையிலிருந்து அதுதான் வரிசை. திறக்காவிட்டால், வேணு கொடுக்கும் துண்டுச்சீட்டுதான் இந்த சீசன் முழுக்க.

“நேத்தே உன் லாப்டாப்புல ஓடிச்சே. நான்கூட ஒரு டோக்கன் எடுத்தேனே?” என்றாள் தாட்சாயணி.

“அது என் லாப்டாப்புல மட்டும்தாம்மா. தோப்புல காய் இருக்கிறா மாதிரி. ஊரே வாங்கணும்னா கடைக்கு வரணும் இல்ல?”

“கடை எங்க இருக்குது?”

“ஹோஸ்டிங்னு சொல்றோமே, அதான் கடை. வாடகைக்குப் புடிச்சிருக்கேன். நான் எழுதுன கோட் எல்லாம் ரெபாசிட்டரின்னு ஒரு கோடௌன்ல இருக்குது. இந்த பட்டனை அமுக்கினா, கோடௌன்ல இருந்து எடுத்து, கட்டி, கடையில கொண்டுபோய் வெக்கும்.”

“மூட்டை தூக்கறவனுக்கு இவ்ளோ நேரமா?”

“வந்துடும்மா.”

வந்துவிட்டது. வட்டம் நின்று பச்சை நிறத்தில் ஒரு டிக் விழுந்தது.

“ஏறிச்சு!” நளினி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு தன் போனை எடுத்து சைட்டின் முகவரியைத் தட்டினாள்.

வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரு வரி. ‘சேவை தற்போது இல்லை.’

மறுபடி தட்டினாள். அதே வரி.

“இன்னாடி?”

“கடையில வெச்சாச்சும்மா. ஆனா கடை தொறக்க மாட்டேங்குது.”

---

ஃபேக்டரி வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சீனு தன் மினி லாரியின் நிழலில் குந்தியிருந்தான். முன்னாலும் பின்னாலும் டிராக்டர்கள். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து பழுக்கத் தொடங்கிவிட்ட காயின் வாசனை வந்தது. வீட்டில் வந்தால் இனிக்கிற அந்த வாசனை இங்கே வந்ததும் அவன் நளினிக்குப் போன் போட்டான்.

“அக்கா, வந்துச்சா?”

“ஒரு சின்ன பிராப்ளம் சீனு. பாத்துக்கினு இருக்கேன்.”

“சின்னதுன்னா எவ்ளோ சின்னது?”

“போனை வை.”

அவன் போனை வைக்கவும், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இளநீரோடு வந்து பக்கத்தில் நிற்கவும் சரியாக இருந்தது. வேணு.

“இன்னாடா சீனு, உங்க அக்கா கம்ப்யூட்டர் இன்னும் பல்லு வெளக்கிக்கினு இருக்குதா?”

“வந்துடும் சின்ன நைனா.”

“வரும் வரும். பெங்களூர்ல அவளை வேலைய வுட்டு அனுப்பிச்சாங்களா, இவளே வந்தாளா? அதையாவது சொல்லு.”

“அவங்க இன்னும் கூப்புட்டுக்கினேதான் இருக்காங்க. உன்னைத்தான் எவனும் எங்கயும் கூப்பிடல.”

கொஞ்சம் முன்னால் டிராக்டரில் உட்கார்ந்திருந்த யசோதா களுக்கென்று சிரித்தாள். புருஷன் இல்லாமல் தனியாகத் தோப்பு பார்க்கிறவள்; தானே டிராக்டர் ஓட்டி வருகிறவள். வேணு அவள் பக்கம் திரும்பினார்.

“சிரிம்மா, சிரி. உன் வண்டி எங்க நிக்குதுன்னு பாத்துட்டு சிரி.”

“நேத்து இருந்து இங்கதாண்ணா நிக்குது. நீ பாக்கலயா? நேத்து எனக்குப் பின்னாடி வந்த மூணு வண்டி உள்ள போச்சு, அதை மட்டும் நீ பாத்த.”

வேணு இளநீரை உறிஞ்சினார். “சீனு, நான் உன் நல்லதுக்குச் சொல்றேன். என் வண்டிங்க ஷெட்ல நிழலா நிக்குது. உன்னுதையும் அங்க கொண்டாந்து நிறுத்து. நாளைக்கிக் காலையில உள்ள போயிடும். அந்த சைட்டு அவ லாப்டாப்பத் தாண்டி வராது. வூட்டுப் பூனை வாசப்படி தாண்டாதுடா.”

சீனு எழுந்தான். தார்ப்பாயை இழுத்துக் கட்டினான்.

“லைன்லயே நிக்கறேன் சின்ன நைனா. இன்னிக்கி வெயில் நல்லாதான் இருக்குது.”

---

“சீனு இன்னா சொன்னான்?”

“வந்துச்சான்னு கேட்டான். அவன் அவசரப்பட்டா பக்கத்துல யாரோ நிக்கிறாங்கன்னு அர்த்தம்.”

“வேணுவா?”

“வேற யாரு.”

நளினி லாக் பக்கத்தைத் திறந்தாள். புரோகிராம் தான் செய்ததையெல்லாம் வரி வரியாக எழுதிக்கொண்டே போகும் இடம் அது. தொடங்கினேன் என்று ஒரு வரி. விழுந்தேன் என்று ஒரு வரி. கடைக்காரன் தூக்கி நிறுத்துகிறான். மறுபடி தொடங்கினேன். மறுபடி விழுந்தேன்.

“ஏறுது, விழுது. ஏறுது, விழுது” என்றாள் நளினி.

“வழுக்கு மரமா?”

“அப்படித்தான்.”

முதலில் சாவிகளைப் பார்த்தாள். டேட்டாபேஸுக்கு ஒரு சாவி, மெசேஜ் அனுப்பும் கம்பெனிக்கு ஒரு சாவி. இவற்றை ரெபாசிட்டரியில் வைக்கக் கூடாது. கோடௌனுக்கு வந்து போகிறவன் எவனாவது எடுத்துக்கொண்டு போய்விடுவான். கடையில் தனியாகப் பதிய வேண்டும். பதிந்திருந்தாள். ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

“எந்தச் சாவியால வம்புன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள் தாட்சாயணி. மகளின் வேலை புரியாவிட்டாலும், வம்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில் அவளுக்கு அனுபவம் உண்டு.

“ஒவ்வொன்னா எடுத்துப் பாக்கணும்.”

“அப்போ எடுத்துப் பாரு. என் மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தா?”

நளினி மெசேஜ் கம்பெனிச் சாவியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். வட்டம் சுற்றியது. பச்சை டிக். போனில் தட்டினாள்.

‘நம்ம லைன்’ திறந்துகொண்டது! பச்சை நிறத் தலைப்பு, மாங்காய்ப் படம், எல்லாம்.

“சீனு! உன் போன்ல பாரு!” என்று தம்பிக்குப் போன் போட்டுக் கத்தினாள்.

“வந்துடுச்சுக்கா! ஐயோ, வந்துடுச்சு! ஹரிபாபு சார்கிட்ட இப்பவே காட்டிடறேன்—”

“நில்லு. காட்டாத.”

“இன்னாத்துக்கு?”

“மெசேஜ் சாவிய எடுத்துட்டுதான் ஓடுது. டோக்கன் எடுத்தா மெசேஜ் போவாது.”

“போவாட்டி போவட்டும்க்கா. இன்னிக்கி அவருக்குக் காட்டிடலாம். மெசேஜை நாளைக்கிப் பாத்துக்கலாம்.”

“இல்லடா. மெசேஜ் வரலன்னா ரைத்துங்க இன்னா பண்ணுவாங்க? எதுக்கும் நேர்லயே போய்ப் பாப்போம்னு வாசலுக்கு வந்துடுவாங்க. வாசலுக்கு வந்துட்டா அங்க யாரு நிக்கறாரு?”

சீனு கேட் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“இளநி குடிச்சிக்கினு நிக்கறாரு” என்றான்.

“அவ்ளோதான். முழுசா ஏத்திட்டுதான் காட்டுவேன். நீ லைனை வுட்டு நகராத.”

“நகரல. ஆனா சீக்கிரம்க்கா. காய் எனக்காக நிக்கும், ஷிப்ட் நிக்காது.”

பீர்க்கங்காய் கூட்டு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. தாட்சாயணி அடுப்பை அணைத்துவிட்டு, இரண்டு தட்டுகளில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள்.

“துன்னு.”

“வேணாம்மா.”

“போன வருஷம் அவன் துன்னாம படுத்தான். இந்த வருஷம் நீயா? என் வூட்ல மாங்காக்காக இன்னொருத்தர் பட்டினி கெடக்க நான் வுட மாட்டேன். வாயத் தொற.”

நளினி வாயைத் திறந்தாள். கண் மட்டும் திரையில்.

மெசேஜ் சாவியைத் திரும்பப் போட்டாள். விழட்டும் என்று விழவிட்டாள். விழும்போது கடைசியாகச் சொன்ன வரி எது என்று பார்த்தாள். அம்மா ஊட்ட ஊட்ட, வரி வரியாக மேலே போனாள்.

பாதிச் சோற்றில் கை காட்டி அம்மாவை நிறுத்தினாள்.

“மா. ஒரு நம்பர் செல்லாதுன்னு சொல்லுது. மெசேஜ் கம்பெனி திருப்பி அனுப்பியிருக்கான். நம்ம சைட்டு எழுந்திரிச்ச உடனே யாருக்கோ மெசேஜ் அனுப்பப் பாக்குது, அது போவல, உடனே விழுந்துடுது.”

“யாருக்கு? இன்னும் யாருமே டோக்கன் எடுக்கலயே?”

“அதான் நானும்—”

நளினி நிறுத்திக்கொண்டாள். மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

“டோக்கன் நம்பர் ஒன்னு” என்றாள்.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

அவர்கள் ஊரில் சீசனின் முதல் வண்டி கிளம்புவதற்கு முன் முதல் கூடைக் காய் செல்லியம்மன் கோயிலுக்குப் போகும். அம்மனுக்கு வைக்காமல் யாரும் காயை எடை மேடையில் ஏற்ற மாட்டார்கள். போன வெள்ளிக்கிழமை கோயிலில் வைத்து நளினி சைட்டைக் காட்டியபோது, முதல் டோக்கன் யாருக்கு என்று ஊரே சண்டைக்கு நின்றது. அப்போது முனிகிருஷ்ணன்தான், “முதல் டோக்கன் அம்மனுக்கு. வாய மூடுங்க எல்லாரும்” என்றார். மகளின் லாப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் அவரே டைப் செய்தார். பெயர், செல்லியம்மா. ஊர், நம்மூர். வண்டி எண், காலி. போன் நம்பர் இல்லாமல் சைட் விடவில்லை.

“அம்மனுக்கு போன் ஏதுடி?” என்று கேட்டார்.

“எதையாவது போடு நைனா, அப்புறம் மாத்திக்கலாம்” என்றாள் நளினி.

அவர் கட்டம் நிறையும் வரை சைபராகப் போட்டார். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. நளினி அதை அப்படியே, சைட் எங்கே தொடங்கினாலும் முதல் பதிவாக வரும்படி ரெபாசிட்டரியில் சேர்த்துவிட்டாள். லாப்டாப்பில் மெசேஜ் அனுப்பும் வேலையை நிறுத்தி வைத்திருந்ததால் அந்த சைபர்கள் சத்தம் போடாமல் கிடந்தன. கடைக்கு வந்ததும் சைட் பொறுப்பாக அம்மனுக்கு மெசேஜ் அனுப்பக் கிளம்பி, ஒவ்வொரு முறையும் தலைகுப்புற விழுந்துகொண்டிருக்கிறது.

“அம்மனுக்கே மெசேஜ் அனுப்பப் போனியாடி?” தாட்சாயணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அவ வாங்குவாளா? நேர்ல வந்து பேசச் சொல்லுவா.”

நளினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தப் பதிவின் மேல் கையை வைத்தாள்.

“இதை எடுத்துட்டா முடிஞ்சுது.”

சிரிப்பு நின்றது. “எதை?”

“அம்மன் டோக்கனை.”

“கைய எடு.”

“மா, நேரம் இல்ல—”

“கைய எடுன்னா எடு. அம்மனை லைன்ல இருந்து எறக்கிட்டு, அந்த எடத்துல எவனை நிக்க வெக்கப் போற? அன்னிக்கி ஊரே மொதல் எடத்துக்கு அடிச்சிக்கிச்சு. அம்மன்னு சொன்ன உடனே அடங்கிச்சு. ஏன் அடங்கிச்சு? மொதல் எடம் எவனுக்கும் கெடயாது, எவனும் வெலைக்கு வாங்க முடியாதுன்னு தெரிஞ்சதால அடங்கிச்சு. அந்த ஒரு பேரைப் பாத்துதான் உன் சைட்டை நம்பறாங்க. உங்க நைனாகூட.”

“நைனா நம்பறாரா?”

“நம்பாமயா அவரு கையால டைப் பண்ணாரு? அணைக்கரைத் தோப்புக் காயை இன்னும் பறிக்காம வெச்சிருக்காரே, எதுக்கு? சைட்டு வரட்டும், அப்பால பறிக்கலாம்னு சீனுகிட்ட சொன்னாராம். வாயால சொல்ல மாட்டாரு. மனுஷனுக்கு வீம்பு.”

நளினி கையை எடுத்தாள். அந்தத் தோப்பின் பேரைக் கேட்டதும் அவளுக்கு என்னவோ செய்தது. ஊரிலேயே முதலில் பழுக்கும் தோப்பு அது. அதைப் பறிக்காமல் வைத்திருப்பது நைனா பேசாமல் பேசுகிற பேச்சு.

“சரி. அம்மன் இருக்கட்டும். அம்மனுக்கு ஒரு நம்பர் வேணும். நெஜமான நம்பர்.”

“என்னுதைப் போடு.”

“உன்னுதா? சைட்டுல லைனைக் காட்டற பக்கத்துல எல்லாருக்கும் நம்பர் தெரியும்மா. முன்னாடி நிக்கிறவன் டீ குடிக்கப் போயிட்டா கூப்பிடணும், நம்பர் வெளியில தெரியணும்னு சீனு அடம் புடிச்சான்.”

“தெரிஞ்சா இன்னா? என் பழைய போன் உங்க நைனாகிட்ட வூட்ல கெடக்குது. இது நீ குடுத்த உன் பெங்களூர் சிம்மு. ஊர்ல எவனுக்கும் இந்த நம்பர் தெரியாது. எனக்கு போன் பண்றவ நீ ஒருத்திதான். அதுவும் அடுத்த ரூம்ல இருந்துக்கினு.”

நளினி நம்பரை மாற்றினாள். அதோடு விடவில்லை.

“இன்னும் இன்னா தட்டிக்கினு இருக்க? அதான் மாத்திட்டியே?”

“நாளைக்கி எவனோ ஒரு ரைத்து நம்பரைத் தப்பாப் போடுவான். அதுக்காக ஊருக்கே கடையை மூடக் கூடாது இல்ல? அந்த ஒருத்தருக்கு மட்டும் மெசேஜ் போகாத மாதிரி, மத்தவங்களுக்கு ஓடற மாதிரி எழுதறேன். இதை நான் மொதல்லயே எழுதியிருக்கணும். நைனா போட்ட சைபர் மேல பழி போடக் கூடாது.”

“அதைச் சொல்லு” என்றாள் தாட்சாயணி. அவளுக்கு அது பிடித்திருந்தது.

எழுதி முடித்தாள். லாப்டாப்பில், இந்தத் தடவை மெசேஜை நிறுத்தி வைக்காமல் ஓட்டிப் பார்த்தாள். வேண்டுமென்றே தப்பான நம்பர் ஒன்றைக் கொடுத்தாள். முனகியதே தவிர விழவில்லை. ரெபாசிட்டரிக்கு அனுப்பினாள். கோடௌனுக்குப் புதுச் சரக்கு வந்தால் கடை தானே எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்ததால் பட்டனைக்கூட அமுக்க வேண்டியிருக்கவில்லை.

வட்டம் சுற்றத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தானா கரண்ட் போகணும்? மின்விசிறி நின்றது. வீட்டு இன்டர்நெட்டும் நின்றது.

“ஐயோ!” என்றாள் தாட்சாயணி.

“பரவால்லம்மா. போக வேண்டியது போயிடுச்சு. இனிமே கடையில நடக்கிற வேலை. நம்ம வூட்ல கரண்ட் இல்லன்னா அவங்களுக்கு இன்னா?” நளினி தன் போனில் இருந்து லாப்டாப்புக்கு இணைப்பு கொடுத்தாள். நெற்றி வியர்வை விசைப்பலகையில் சொட்டியது. துடைக்கவில்லை.

---

ஃபேக்டரியில் சங்கு ஊதியது. ஷிப்ட் மாறும் நேரம்.

ஹரிபாபு கையில் போனோடு கேட்டுக்கு வந்தார். வேணு துண்டுச்சீட்டுகளை விசிறி மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே நின்றிருந்தார்.

“ஏம் சீனு, வச்சிந்தா?” என்று தெலுங்கில் கேட்டார் ஹரிபாபு.

“வந்துடும் சார். ஒரே நிமிஷம்.”

“நிமிஷம் நிமிஷம்னு காலையில இருந்து சொல்றியேப்பா. எனக்கு உள்ள ஆள் காத்துக்கினு இருக்காங்க.”

“அவனுக்கு இன்னா சார் தெரியும், பாவம்” என்றார் வேணு. “சீட்டை வாங்கிக்குங்க. வருஷா வருஷம் நடக்கிறதுதானே?”

ஹரிபாபுவின் கை சீட்டுப் பக்கம் நீண்டது.

“சார்!” டிராக்டர் மேலிருந்து யசோதா கத்தினாள். “என் போன்ல தொறந்துக்கிச்சு!”

ஹரிபாபு சீட்டை வாங்காமல் தன் போனைத் தட்டினார். பச்சைத் தலைப்பு. மாங்காய்ப் படம். கீழே வரிசை. வரிசையில் முதல் பெயரைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

“செல்லியம்மா. வண்டி நம்பர் லேது. இது யாரு?”

“எங்க அம்மன் சார்” என்றான் சீனு. “அவங்களுக்கு வண்டி கெடயாது. லைன்ல நிக்கிற நாங்க ஆளுக்கு ரெண்டு காய் போட்டு ஒரு கூடை ரொப்புவோம். நாளைக்கி அதுதான் மொதல்ல எடை மேடை ஏறும்.”

ஹரிபாபு ஒரு கணம் யோசித்தார். அவரும் மாங்காய் பூமியில் பிறந்தவர்தானே? போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“சரே. ரெண்டாவது டோக்கன் யாருக்கு?”

“நேத்து இருந்து மொதல்ல நிக்கிறது யசோதாக்காதான் சார்.”

யசோதா தட்டினாள். லைன் முழுக்க மூச்சு விடாமல் பார்த்தது. போன் ‘டிங்’ என்றது. அவள் எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தாள்: “நாளை… காலை… ஏழு மணிக்கு… உங்கள் வண்டி…”

அப்புறம் யாரும் யாரையும் கேட்கவில்லை. டிராக்டருக்கு டிராக்டர் ‘டிங்’, ‘டிங்’ என்று கடைசி வண்டி வரை அந்தச் சத்தம் ஓடியது. சீனு வரிசைப்படி தன் முறை வரும்வரை பொறுத்து, தன் டோக்கனை எடுத்தான். நாளை மத்தியானம். காய் தாங்கும்.

போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான். போனை லைன் பக்கம் தூக்கிப் பிடித்தான், அவ்வளவுதான்.

வேணுவின் கையில் சீட்டுகள் விரித்தது விரித்தபடியே இருந்தன. அவருடைய வண்டிகள் ஷெட்டு நிழலில் நின்றன. அவை ஒரு நாளும் லைனில் நின்று பழகாதவை.

---

திருப்பதியில் கரண்ட் திரும்பி வந்தது. நளினி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஆறிப்போன மீதிச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தாள். தாட்சாயணி தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் வந்திருக்குதுடி. ‘அன்புள்ள செல்லியம்மா, உங்கள் டோக்கன் எண் ஒன்று.’ நான் இன்னா பதில் போடணும்?”

“அருள் குடுத்துட்டேன்னு போடு.”

அப்போது அந்த போன் அடித்தது. தெரியாத நம்பர். நளினி ஸ்பீக்கரை அமுக்கினாள்.

“அலோ, செல்லியம்மா டோக்கன் இதுதானே?”

குரலைக் கேட்டதும் நளினி வாயில் சோற்றோடு மெல்லுவதை நிறுத்தினாள். தாட்சாயணி விரலை உதட்டில் வைத்தாள்.

“ஆமா” என்றாள், குரலைத் தாழ்த்தி.

“நாளைக்கி மொதல் டோக்கன் உங்க பேர்ல இருக்குதும்மா. வண்டி நம்பர் போடாம வுட்டிருக்கீங்க. வண்டி இல்லாதவங்களுக்கு டோக்கன் எதுக்கு? எனக்கு மாத்திக் குடுங்க. உங்களுக்கு இன்னா வேணும்னு சொல்லுங்க, பண்ணிடலாம்.”

“எனக்கு இன்னா வேணும்னு இப்பதான் கேக்கத் தோணுச்சா, வேணு?”

“…யாருங்க பேசறது?”

“பேரைப் பாத்துதானே போன் பண்ண? வருஷா வருஷம் என் முன்னாடி தேங்கா ஒடச்சிட்டு, என் எடத்தையே வெலைக்குக் கேக்கறியே. கடைசியில போய் நில்லு.”

நளினி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“அண்ணி?” வேணுவின் குரல் தழைந்துவிட்டது. “அண்ணி, வெச்சிடாதீங்க. எனக்கு மீதி இருக்கிற கடைசி டோக்கன் வியாழக்கிழமைன்னு காட்டுது. அதுவரைக்கும் தாங்காது. காய் இப்பவே பழுத்துக்கினு இருக்குது.”

“பழுக்கட்டும். போன வருஷம் என் புள்ள காய் பழுக்கலயா?”

“இது என் காய் இல்ல அண்ணி.”

“பின்ன எவனுது?”

வேணு இழுத்தார். “அணைக்கரைத் தோப்புக் காய். முந்தா நாள் பறிச்சு, என் வண்டியில ஏத்தி அனுப்பினதே அண்ணன்தான். சீனுவுக்குத் தெரிய வேணாம்னு சொன்னாரு.”

நளினி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. திரையில் முதல் வரிசையில் செல்லியம்மாவின் பெயரும், பக்கத்தில் வண்டி எண்ணுக்கான காலிக் கட்டமும் தெரிந்தன. ஒரே ஒரு எண். அவள் தட்டினால் முடிந்தது. நைனாவின் காய் தப்பித்துவிடும்.

அவள் கை நகரவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

தாட்சாயணி கண்ணை மூடித் திறந்தாள்.

“வேணு, அந்த வியாழக்கிழமை டோக்கனை எடுத்துக்க. எடுத்துக்கினு உங்க அண்ணன்கிட்ட சொல்லு. மொதல் எடம் எவனுக்கும் கெடயாதுன்னு அவரு வாயாலதான் சொன்னாரு. அவரு சொன்ன சொல்லை நான் காப்பாத்தறேன்னு சொல்லு.”

போனை வைத்தாள். தட்டை எடுத்துப் போய் அடுப்படியில் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

போன் மறுபடி அடித்தது.

இந்தத் தடவை தெரியாத நம்பர் இல்லை. ஊரில், முனிகிருஷ்ணன் இருக்கும் வீட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில் அவள் வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்த அவளுடைய சொந்த போனின் நம்பர்.